டொயோட்டாவுக்கு ஒன்றும் வராது

என் புருஷன் ஹியூபேட்டின் விசிட்டிங் கார்டில் 'வாகன ஆலோசகர்' என்று அடித்திருக்கும். அதை நம்பிவிடாதீர்கள். ஆள் கார் புரோக்கர்தான். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒரு மேசையில் இருத்தி, இரண்டு பேருக்கும் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, கை குலுக்க வைப்பதுதான் அவருடைய தொழில். முப்பத்தோரு வருஷமாக அவர் வீட்டு உலை கொதிப்பது அவருடைய வாயால். அந்த வாயோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துகிறவள் நான், பேர்ணடெற். ஆகவே அவரைப் பற்றி எதையும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜெம்பட்டா வீதியில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். ஆனால் எங்கள் ஹோலில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் இந்து நாட்காட்டி தொங்கும். வீடு சந்திக்க வருகிற பங்குச் சுவாமி ஒவ்வொரு தரமும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் என்ன செய்ய? இவருடைய வாடிக்கையாளரில் பாதிப் பேர் வெள்ளவத்தை இந்துக்கள். ராகுகாலத்தில் கையெழுத்து வைக்க மாட்டார்கள், முற்பணம் கொடுக்க மாட்டார்கள், கார்ச் சாவியைக் கூடக் கையில் வாங்க மாட்டார்கள். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை என்று இவர் மடமடவென்று சொல்லுவார். செபமாலை சொல்லச் சொன்னால் மட்டும் பாதியில் நித்திரையாகிவிடுவார்.

கார்களைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. "ஜப்பான் கார் வாங்கினா அது சேமிப்புப் புத்தகம், பேர்ணா. அமெரிக்கக் கார் வாங்கினா அது வெறும் கார்" என்பார். விசர்க் கதை போலத் தெரியும், ஆனால் கொழும்பில் அதுதான் நடப்பு. ஒரே வருஷத்து டொயோட்டாவையும் ஃபோர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஃபோர்ட்டின் கதவு பாரமாகச் சாத்தும், சீட் அகலமாக இருக்கும், ஓட்டமும் சொகுசு. விலை மட்டும் டொயோட்டாவின் பாதியில் வந்து நிற்கும். ஏனென்றால் எங்கள் ஆட்கள் கார் வாங்கும்போது கேட்கிற முதல் கேள்வியே, திரும்ப விற்றால் எவ்வளவு போகும் என்பதுதான். ஓடுமா, நிற்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. டொயோட்டாவின் உதிரிச் சாமான் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு கை விட்டாலும் கிடைக்கும். காலையில் விளம்பரம் போட்டால் பின்னேரமே வீட்டு வாசலில் ஆள் நிற்கும். வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருஷங்களில் இந்தப் பைத்தியம் முற்றிவிட்டது. நாலு வருஷம் ஓடித் தேய்ந்த காரை வாங்கிய விலைக்கு மேலே விற்றார்கள். அதைக் கண்ணால் கண்ட சனம் ஜப்பான் காருக்குத் தேங்காய் உடைக்காமல் வேறு என்ன செய்யும்?

இப்படியெல்லாம் பிரசங்கம் பண்ணுகிற மனுஷன் சொந்தமாக என்ன வைத்திருக்கிறார் தெரியுமா? நீல நிறத்தில் ஒரு ஃபோர்ட்! கனடாவுக்குப் போன ஒருவர் விற்றுத் தரச் சொல்லிவிட்டுப் போனது. எட்டு மாதம் ஒரு குருவி கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் இவரே மலிவாக எடுத்தார், எடுத்த பிறகு அதன்மேல் உயிரையே வைத்துவிட்டார். ஆனால் வாடிக்கையாளர் கண்டால் பிழைப்புப் போய்விடும் என்று இரண்டு ஒழுங்கை தள்ளி யோசெப்பின் என்கிற அக்கா ஒருவரின் வீட்டு முற்றத்தில் ஒளித்து வைத்திருப்பார். வேலைக்குப் போவது ஓட்டோவில். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் என்னை அதில் ஏற்றிக்கொண்டு போவார், அதுவும் எங்களை ஒருவருக்கும் தெரியாத தூரத்துக் கோவில் ஒன்றுக்கு. கள்ளப் புருஷனோடு போகிற மாதிரி நான் முகத்தைக் குனிந்துகொண்டு இருக்க வேண்டும்.

இனிக் கனகசபாபதி சேரிடம் வருகிறேன். வெள்ளவத்தை ஹம்டன் லேனில் வீடு. அரசாங்கக் கணக்காய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பற்றுச்சீட்டில் தேதி பிழை என்றாலும் திருப்பி அனுப்புகிறவர் என்று பெயர். பத்தொன்பது வருஷத்தில் என்னுடைய இவர் மூலமாக நாலு டொயோட்டா மாற்றியிருக்கிறார், வேறு ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. 'காரில் போய்விட்டு வருகிறேன்' என்று அவர் வாயில் வராது, 'டொயோட்டாவிலை போட்டு வாறன்' என்றுதான் வரும். ஐந்தாவது டொயோட்டா மகள் மயூரிக்கு. மயூரி ஏழு மாதக் கர்ப்பிணி, வேலை செய்கிற கந்தோர் வெள்ளவத்தையிலிருந்து தூரம், புருஷன் கார்த்திகனுக்கு வேலை யாழ்ப்பாணத்தில். பிள்ளை பஸ்ஸில் இடிபடக்கூடாது என்று சேர் தன்னுடைய ஓய்வுக்கு வந்த மொத்தப் பணத்தையும் போட்டு ஒரு வெள்ளை டொயோட்டா விட்ஸ் எடுத்துக் கொடுத்தார். எண்பத்தொன்பது லட்சம்.

எங்கள் ஊரில் கார் பார்க்கப் போகிறவன் கட்டாயம் ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போவான். மெக்கானிக்கைத்தான் பாஸ் என்கிறோம். பாஸ் காருக்குக் கீழே படுத்து எழும்பித் தலையாட்டினால்தான் முற்பணம். சேர் பாஸைக் கூட்டி வரவில்லை. டொயோட்டாவுக்கு எதற்குப் பாஸ்? அவர் பார்த்தது இலக்கத் தகட்டை. கூட்டினால் ஆறு வந்தது, மயூரி பிறந்த தேதியும் ஆறு, பரிசோதனை அத்தோடு முடிந்தது. இவருக்காவது புத்தி வேண்டாமா? இவர், காரை விற்ற வத்தளைக் கார் யார்ட்டின் முதலாளி நீட்டிய ஏலத் தாளை நம்பினார். ஜப்பானில் பழைய கார் ஏலத்துக்கு வரும்போது ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதுவார்களாம். அடிபட்டதா, எவ்வளவு ஓடியது, எத்தனை புள்ளி என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தத் தாளில் நாலரைப் புள்ளி போட்டிருந்தது. நல்ல புள்ளி. கார் கைமாறியது, கோவிலில் பூசையும் நடந்தது.

ஒரு மாதம் தாண்டி, ஐந்து கிழமை கழித்து, போன வியாழக்கிழமை, காலை பதினொன்றரைக்கு டில்ஷானி என்கிற பெண் ரெலிபோன் எடுத்தாள். அந்த யார்ட்டில் கிளாக்காக இருந்தவள், முதல் நாள்தான் வேலையை விட்டிருந்தாள். சிங்களத்தில் அழுது அழுது கதைத்தாள். அந்த வெள்ளை விட்ஸின் உண்மையான ஏலத் தாளை அனுப்புகிறேன், வயிற்றில் பிள்ளையோடு வந்த அந்த அக்காவின் முகம் கண்ணுக்குள் நிற்கிறது, நித்திரை இல்லை என்றாள். அடுத்த நிமிஷம் வட்ஸ்அப்பில் படம் வந்தது. நாலரைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அடிபட்டுத் திருத்திய கார் என்று குறி. கூடவே முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய ஒரு படம். மோதும்போது விரிந்து ஆளைக் காப்பாற்றுகிற எயார்பேக் இரண்டும் ஜப்பானிலேயே வெடித்துத் தங்கள் கடமையைச் செய்துவிட்டன. கார் கொம்பனியில் ஒரு பிழையும் இல்லை. கொழும்பில் திருத்தியவர்கள்தான் புதிய பேக் போடவில்லை. பேக் இருந்த இடத்து மூடியை மட்டும் புதிதாகப் போட்டு விட்டார்கள் என்று டில்ஷானி எழுதியிருந்தாள்.

இவர் குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டார்.

"இண்டைக்கு அவங்க யாழ்ப்பாணம் போறாங்க, பேர்ணா."

"யாரு?"

"கனகசபாபதி சேர் குடும்பம். மயூரியின்ட மச்சாள் ஹம்சிகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம். சேருக்குக் கண் ஒப்பரேஷன் செஞ்சது, ஓட்டேலாது. அந்தப் பிள்ளைதான் ஓட்டறா. ஒண்டரைக்கு ராகுகாலம், அதுக்கு முந்தி வெளிக்கிடுவாங்க."

முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். லொறி, பஸ், குறுக்கே பாயும் மாடு. அந்த நேரத்தில் நான் சொன்னதை இப்போது மறைக்கப் போவதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள் என்றேன். எங்களுக்கு வருகிற மூன்று காரில் இரண்டு அந்த வத்தளை யார்ட்டில் இருந்து வருவது. அவனைப் பகைத்தால் வாடகை யார் கட்டுவது?

"ஐஞ்சு கிழமையா ஓடின கார்தானே! போயிட்டு வரட்டும். வந்த பிறகு ஆறுதலாச் சொல்லலாம். வித்தவன் அவன், வாங்கினவர் அவர். நடுவில நீங்க ஏன் தலையைக் குடுக்கிறீங்க? உங்களுக்கு விசரா?"

அவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் வென்றிருப்பேன். பேசாமல் சேருக்கு ரெலிபோன் எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சேர், இண்டைக்குப் பயணம் வேண்டாம். அந்தக் காரில ஒரு பிரச்சினை..."

"இஞ்சை பாரும் ஹியூபேட், வெளிக்கிடுற நேரம் அபசகுனமாக் கதைக்காதையும். டொயோட்டாவுக்கு ஒண்டும் வராது."

"டொயோட்டாவில பிழை இல்லை சேர், அதைத் திருத்தினவங்க..."

வைத்துவிட்டார். மறுபடி எடுத்தால் மணி அடிக்கிறது, ஆள் இல்லை. மூன்றாம் தரம் ரெலிபோனே நிறுத்தியிருந்தது. மயூரியின் நம்பர் இவரிடம் இல்லை.

அப்போது மணி பன்னிரண்டே கால். மழை பிடித்துக்கொண்டது, ஓட்டோ ஒன்றும் நிற்கவில்லை. இவர் சேர்ட்டைக் கூட மாற்றாமல் யோசெப்பின் அக்கா வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பாசத்தில் ஓடினேன் என்று நினைக்க வேண்டாம். தனியே போனால் இந்த மனுஷன் யார்ட்டின் கள்ளத்தையும் சேர்த்து உளறிவிடுவாரே என்ற பயம்.

கிராண்ட்பாஸில் ஸைத் பாஸை ஏற்றினோம். இவருக்குப் பல வருஷப் பழக்கம், ரெலிபோன் எடுத்த உடனே ஸ்பானர் போட்ட ஆயுதப் பையோடு கராஜ் வாசலிலேயே நின்றார். கதையைக் கேட்டதும் "அல்லாஹ்வே!" என்றார். கோட்டையில் வாகன நெரிசல். காலிமுகத்திடலில் ஏதோ பெரிய ஆள் போவதற்காக வீதியை மறித்து வைத்திருந்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது. இவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிற பஸ்ஸைக் கண்ணாலேயே தள்ளிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"மூடியைத் தட்டிப் பாத்தா வெளிய இருந்து விளங்குமா, பாஸ்?" என்று கேட்டேன்.

"விளங்காது மிஸ். வோர்னிங் லைட்டும் எரியாத மாதிரி வயர் வெச்சிப் பொய்க்காட்டி வெச்சிருப்பாங்க. கழட்டினாத்தான் தெரியும்."

"அடிபட்டா?"

ஸைத் பாஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "வயிறு பெரிசா இருக்கிற ஆள் ஸ்டீயரிங்குக்குக் கிட்ட இருக்கணுமே, மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

மரீன் டிரைவில் விழுந்து பறந்தோம். ஹம்டன் லேனுக்குள் திரும்பும்போது ஒன்று பன்னிரண்டு. விட்ஸ் வீட்டுக் கேற்றை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. நாலு ரயருக்கும் கீழே நாலு தேசிக்காய். சேரின் மனைவி கௌரி அக்கா கற்பூரத் தட்டோடு காரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மயூரி ஓட்டுகிற இடத்தில் இருந்தாள். பெடலுக்குக் கால் எட்ட வேண்டும் என்று சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் என் ஒரு கை போகிற அளவு இடம்தான்.

இவர் ஃபோர்ட்டைக் கேற்றுக்குக் குறுக்கே நிறுத்தினார். என்ஜினை அணைத்தார், சாவியை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டார், இறங்கி நின்றார்.

சேர் குடையும் இல்லாமல் பாய்ந்து வந்தார். "என்ன விளையாட்டு இது? எடும் வாகனத்தை!"

"சேர், ஒரு பத்து நிமிஷம். ஸைத் பாஸ் ஸ்டீயரிங் மூடியை மட்டும் கழட்டிப் பாக்கட்டும்."

"நாள் பாத்து, நேரம் பாத்து, தேசிக்காயும் வைச்சாச்சு. இப்ப ஸ்டீயரிங்கைக் கழட்டுறதோ? உமக்கென்ன, வேதக்காரன்..." என்று தொடங்கியவர் அப்போதுதான் ஃபோர்ட்டைச் சரியாகப் பார்த்தார். மூக்கில் இருந்து வால்வரை பார்த்தார். "இது ஆற்றை கார்?"

இவருடைய முகம் செத்துப் போயிற்று. "என்டதுதான் சேர்."

"உம்மடையோ! பத்தொன்பது வருஷம் எனக்கு டொயோட்டா, டொயோட்டா எண்டு ஓதிப்போட்டு நீர் அமெரிக்கக் காரிலையோ ஓடித்திரியிறீர்?" சேரின் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "இப்ப விளங்குது. இதை ஒருத்தரும் வாங்கேல்லை. என்ரை டொயோட்டாவிலை குற்றம் சொல்லி, இதை என்ரை தலையிலை கட்டத்தானே வந்தனீர்?"

"மாதா மேல சத்தியமா இல்லை, சேர்! இந்தப் படத்தைப் பாருங்க." இவர் ரெலிபோனை நீட்டினார். கண் ஒப்பரேஷன் செய்த மனுஷன் மழையில் அந்தச் சின்னத் திரையில் என்னத்தைக் காணுவார்? தட்டிவிட்டார். அது தண்ணீரில் விழுந்தது.

எதிர் மாடிகளில் தலைகள் முளைத்தன. பின்னால் இரண்டு ஓட்டோவும் ஒரு தண்ணீர் பவுசர் லொறியும் வந்து ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. ஒன்று இருபது. சேர் பொலிசுக்கு அடிக்கப் போகிறேன் என்றார். அடிங்க சேர் என்றார் இவர். நான் மணிக்கூட்டைப் பார்த்தபோதுதான் இவருடைய சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. சேரை நம்பவைக்க இவருக்கு அவசியமே இல்லை. ஒன்றரை வரைக்கும் கேற்றை மறித்து நின்றால் போதும். ராகுகாலம் பிறந்துவிட்டால் மூன்று மணி மட்டும் சேர் தானாகவே காரை அசைக்க விடமாட்டார்.

சேருக்கும் அது பிடிபட்டிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், எழுபத்திரண்டு வயது, என் புருஷனின் சேர்ட்டுக் கொலரைப் பிடித்தார். "எடு வாகனத்தை! எடடா!"

பத்தொன்பது வருஷம் 'நீர்' என்று சொன்ன வாய். இவர் கையை உயர்த்தவில்லை. கழுத்து இறுகி முகம் கறுத்துக்கொண்டு வந்தது, ஆனால் பையில் சாவியைப் பிடித்த கை வெளியே வரவில்லை. ஒரு சேர்ட்டுப் பொத்தான் தெறித்து என் காலடியில் விழுந்தது. இந்த மனுஷனை நான் காலையில் விசர் என்று சொன்னேனே! யார்ட்டாவது வாடகையாவது. நேரே விட்ஸின் பக்கம் போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

மயூரி பயந்து கண்ணாடியை இறக்கினாள். "என்ன அன்ரி இது? அங்கிளுக்கு என்ன நடந்தது?"

"இறங்குங்க மகள்" என்றேன். "இந்த மூடிக்குள்ள எயார்பேக் இல்லை. எல்லாம் வெடிச்சு முடிஞ்ச கார். வத்தளையில வித்தவன் மறைச்சிட்டான், எங்களுக்குக் காலையிலதான் தெரியும். பொய்யெண்டா என்னைச் செருப்பால அடிங்க. இப்ப இறங்குங்க."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். சாவியைத் திருகி அணைத்தாள்.

"அப்பா, விடுங்கோ அவரை."

"மயூரி, நேரம் போகுது பிள்ளை!"

"நான் ஓட மாட்டன் அப்பா. முதல்லை கழட்டிப் பாக்கட்டும்."

அவள் இறங்குவதற்கு நான் கை கொடுத்தேன். கொலரைப் பிடித்த கை மெல்லத் தளர்ந்தது. சேர் மணிக்கூட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்று முப்பத்திரண்டு. வாசற்படியில் போய் இருந்தார். இவர் ஃபோர்ட்டை ஓரமாக எடுத்துவிட்டு, பவுசர்க்காரனின் தூஷணத்தைத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வந்தார்.

ஸைத் பாஸ் பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். பிறகு ஸ்டீயரிங்கின் பக்கவாட்டில் திருகாணியைத் தேடினார். திருகாணியே இல்லை. மூடியை விளிம்பில் தட்டித் தூக்கினார். அது சோற்றுப் பானை மூடி போலச் சும்மா கையோடு வந்தது. உள்ளே மடித்த பிஸ்கட் பெட்டி மட்டை இரண்டு. அதைச் சுற்றி மஞ்சளாக இறுகிப்போன பசை. வேறு ஒன்றும் இல்லை. பக்கத்து சீட்டின் முன்னால் இருந்ததையும் திறந்தார். அங்கே மட்டை கூட இல்லை.

"வெறும் கோது, சேர்" என்றார்.

கௌரி அக்கா "ஐயோ என்ரை பிள்ளை" என்று தலையில் அடித்துக்கொண்டு மகளைக் கட்டிப் பிடித்தார். ஐந்து கிழமையாக அந்தப் பிள்ளை இதற்கு முன்னால்தான் இருந்து கந்தோருக்குப் போய் வந்திருக்கிறாள். நான் இதை வாயைப் பொத்திக்கொண்டு விடச் சொன்னவள். மயூரி அழவில்லை. தாயின் கைகளை விலக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கவேண்டும் என்று உள்ளே போனாள்.

சேர் எழுந்து வந்து அந்த மட்டையை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவமாக இருந்தது. ஒரு சீவியத்தின் உழைப்பு முழுவதும் அந்தக் காருக்குள் கிடக்கிறது. யார்ட் முதலாளி ஒரு சதம் திருப்பித் தரமாட்டான், பார்த்துத்தானே எடுத்தாய் என்பான்.

"என்ட கொமிஷன் முழுக்கத் திருப்பித் தாறேன், சேர்" என்றார் இவர். "பிழை என்ட. ஸைத் பாஸைக் கூட்டிக்கொண்டு போயிருக்கணும். பொலிசுக்குப் போறதெண்டாலும் நான் வந்து சாட்சி சொல்றேன்."

சேருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, எங்களுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "ஹியூபேட், இதைத் திரும்ப மூடேலுமோ?"

"ஏன் சேர்?"

"முந்தி இருந்த மாதிரியே."

ஸைத் பாஸ் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். "மூடேலும்" என்றார் இவர்.

"மூடினா எவ்வளவு போகும்?"

கேட்டால் இவருடைய வாயில் விலை வராமல் இருக்காது, முப்பத்தோரு வருஷப் பழக்கம். "மூடிப்போட்டு ஒண்டும் சொல்லாம வித்தா எண்பத்தெட்டு. உண்மையைச் சொல்லி வித்தா ஐம்பதுக்கும் ஆள் வராது."

"முப்பத்தெட்டு லட்சம்" என்றார் சேர். கணக்கு அவ்வளவு சுறுக்காக வந்தது. "டொயோட்டாதானே. நாளைக்கு விளம்பரம் போட்டா பின்னேரம் ஆள் வந்து நிக்கும். பாஸைக் கூட்டி வராத ஆளாப் பாரும். உமக்கு ரெண்டு மடங்கு கொமிஷன் தாறன். யார்ட்டையும் பகைக்கத் தேவையில்லை."

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்த மனுஷனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காலையில் நான் போட்ட கணக்கும் இதுதான், தொகை மட்டும் சின்னது.

"மாட்டேன் சேர்" என்றார் இவர் கடைசியில்.

"நீர் மாட்டீரெண்டா வேற புரோக்கர் இல்லையோ கொழும்பிலை?"

மயூரி தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்றாள். எப்போது வந்தாளோ, எதிலிருந்து கேட்டாளோ தெரியாது.

"ஆருக்கு அப்பா விக்கப் போறியள்?"

சேர் திரும்பவில்லை. மூடியைக் கையில் எடுத்து, அது இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். "ஆரோ ஒருத்தருக்கு. எங்களுக்குத் தெரியாத ஆரோ. எங்களுக்கென்ன பிள்ளை?"

"போன மாசம் அந்த ஆரோ நான்தானே, அப்பா."